கடைசி இருபது விநாடி

"என் முகத்துல எந்த இடம் ரொம்ப மோசமா இருக்கு? உண்மையைச் சொல்லு" என்று மார்லிஸ் டோலருட் ஒருமுறை என்னிடம் கேட்டார்.

அப்போது ஸ்டூடியோவில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். புதிய கேமராவை அன்று காலைதான் பொருத்தியிருந்தார்கள். எதிரே சுவரளவு அகலத் திரையில் அவர் முகம் பெரிதாக நின்றது. இதை என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. பதினேழாம் சேனலின் ஆறு மணிச் செய்திக்கு இரண்டு வருடமாக நான்தான் ப்ராம்ப்டர் ஓட்டினேன். கேமராவின் முன்னால் இருக்கும் கண்ணாடியில் செய்தியின் வரிகள் மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் மூச்சு முடிவதற்குள் அடுத்த வரி வந்துவிட வேண்டும். அதனால் அரைமணி நேரமும் அவர் முகத்தைத் தவிர வேறெதையும் நான் பார்ப்பதில்லை. டுலூத் ஊரில் அந்த முகத்தை என்னளவு பார்த்தவர்கள் யாருமில்லை. அவருடைய கணவரும் இல்லை, அந்த நேரத்தில் அவர் வேறு சேனலில் ஹாக்கி பார்ப்பார் என்று மார்லிஸே சொல்வார்.

நேரில் யாராவது கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பதினோராம் வகுப்பில், ஒவ்வொருவரும் வகுப்பின் முன் ஐந்து நிமிடம் நின்று பேசினால்தான் தேர்ச்சி என்றார்கள். இரண்டு முறை நின்று பார்த்தேன். மூன்றாம் முறை நேராகக் கதவைத் திறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. இந்த வேலையில் பேச வேண்டியதில்லை, குமிழைத் திருகினால் போதும்.

"நீ சொல்லலேன்னா எல்லா இடமும்னு அர்த்தம்" என்று மார்லிஸ் சிரித்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையின் பக்கத்தில் போய், வாடகைக்கு எடுக்கப்போகும் வீட்டின் சுவரைப் பார்ப்பதுபோல் தன் முகத்தையே சுற்றிப் பார்த்தார்.

நவம்பர் எட்டாம் தேதி திங்கட்கிழமை எங்கள் செய்தி எச்.டி. என்ற துல்லியப் படத்துக்கு மாறப்போகிறது, ஊரிலேயே முதலாவதாக. மார்லிஸின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. அவருக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்துநாலு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மேலாளர் டேல் ஓவர்பி அவரைக் கூப்பிட்டு, புதுப் படத்தில் இரண்டு வாரம் எப்படி இருக்கிறதென்று பார்ப்போம், பிறகு உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லியிருந்தார். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல் கட்டடம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. எல்லோரும் மார்லிஸிடம் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்கள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்கும்.

பழைய படம் எவ்வளவை மறைத்து வைத்திருந்தது என்பது அந்த மாதம்தான் தெரிந்தது. செய்தி மேசை தேக்கு மரமல்ல, பெயின்ட் அடித்த பலகை. அதன் மேல் பல வருடத்துக் காப்பி வட்டங்கள். பின்னால் இருந்த புத்தகங்கள் முதுகு மட்டும் வெட்டி ஒட்டியவை. கர்ட் மாட்சனின் பக்கத்தில் மேசை விளிம்பைக் கறுப்பு டேப் சுற்றிப் பிடித்து வைத்திருந்தார்கள். கர்ட் என்பவர் மார்லிஸோடு சேர்ந்து செய்தி வாசிப்பவர். எல்லாம் மாறியது. ஸ்டூடியோவுக்குள் நின்று விரலால் நேரம் காட்டும் பெவ், கையில் துணியோடு அலைந்தாள். யாராவது மேசையில் கை வைத்தால் அந்தக் கையையே துடைத்துவிடுவாள்.

மார்லிஸ் யாரிடமும் முறையிடவில்லை. எச்.டி.யில் பவுடர் அப்பினால் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரியும் என்று ஆலோசகர்கள் எழுதி அனுப்பியதைப் படித்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுப்பீரியர் ஊரில், கல்யாணப் பெண்களுக்கு ஒப்பனை செய்கிற ஒருத்தியிடம் நான்கு சனிக்கிழமை போய், சின்ன எந்திரத்தால் முகத்தில் ஒப்பனைப் பூச்சைத் தெளிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரோடு வரிசையில் காத்திருந்த பெண்களெல்லாம் இருபது வயதுக்காரிகளாம். எந்தத் தேதியில் கல்யாணம் என்று ஒருத்தி கேட்டாளாம். எட்டாம் தேதி, ஆறு மணிக்கு என்றாராம்.

தலைமைப் பொறியாளர் வின்ஸ் மட்டும் பண்டிகைக்குக் காத்திருப்பவர்போல் இருந்தார். மூன்று மாதம் சுவருக்குள் கம்பி இழுத்தவர் அவர். ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, கோபுரத்து உச்சியில் இருக்கும் கேமராவின் படத்தைக் காட்டினார். ஏரி தெரிந்தது. இரும்புத் தாது ஏற்றிய கப்பல் ஒன்று தூக்குபாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. கப்பலின் கம்பி விளிம்பில் உட்கார்ந்திருந்த கடற்காகங்களை எண்ண முடிந்தது. பெவ் வாய்விட்டு எண்ணினாள், பதினான்கு. நான் பிறந்ததிலிருந்து பார்த்த ஏரிதான். ஆனாலும் அன்று எல்லோரும் ஏதோ பரிசு வாங்கியவர்கள்போல் நின்றோம்.

திங்கட்கிழமை வந்தது. மான் வேட்டை தொடங்கி மூன்றாம் நாள். ஊரில் பாதிப் பேர் காட்டில் இருந்தார்கள். காட்டுக்குப் போக முடியாத கோபத்தில் கர்ட் புது டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு மார்லிஸ் நிமிர்ந்து பார்த்தார். கண்ணோரத்துச் சுருக்கங்கள் தெரிந்தன. கழுத்து தெரிந்தது. எதையும் மறைக்க அவர் முயலவில்லை, தோலைச் சுத்தமாக வைத்திருந்தார், அவ்வளவே. ஒரு வாக்கியத்தின் துக்கம் வாயைத் தொடுமுன் கண்ணில் வருவதை நான் இரண்டு வருடமாகச் சின்னத் திரையில் ஊகித்துத்தான் வரிகளை ஓட்டினேன். அன்று அது கண்ணெதிரே நடந்தது. இத்தனை வருடம் இவ்வளவு நன்றாக வாசித்திருக்கிறாரே, ஊர் அதில் பாதியைத்தானே பார்த்திருக்கிறது என்று தோன்றியது.

அன்றைய முதல் செய்தி நார்வே பாயின்ட் காகித ஆலையைப் பற்றியது. மூன்றாம் எந்திரத்தைப் பராமரிப்புக்காகச் சில நாள் நிறுத்துகிறோம் என்று ஆலை அறிவித்திருந்தது. உண்மை வேறு என்று உள்ளே இருக்கும் ஒருவர் மார்லிஸிடம் சொல்லியிருந்தார். அதை அவர் எழுதியும் கொடுத்தார். ஒருவர் சொன்னால் போதாது, இரண்டு பேர் சொல்ல வேண்டும் என்று டேல் அந்த வரிகளை அடித்துவிட்டார். அந்த விதி சரியானது என்பதால் மார்லிஸ் மறுக்கவில்லை. ஆலை சொன்னதையே வாசித்தார்.

கடைசியில் எங்கள் வழக்கமான இருபது விநாடி வந்தது. செய்தி முடிந்து இசை எழும்போது மைக்கை நிறுத்திவிடுவார்கள். வாசித்த இருவரும் காகிதத்தைத் தட்டி அடுக்கிக்கொண்டு தங்களுக்குள் பேசுவதுபோல் படத்தில் தெரிய வேண்டும். எல்லா ஊர்ச் செய்தியிலும் இது உண்டு. கர்ட் எப்போதும் பசிக்கிறது என்பார். மார்லிஸ் முகம் நிறையச் சிரித்துக்கொண்டே, அன்று வாசித்த செய்தியைப் பற்றித் தான் உண்மையில் நினைப்பதைச் சொல்வார். மேயரின் பேட்டி வந்த அன்று, அவர் சொன்னதில் நம்பத் தகுந்தது அவருடைய பெயர் மட்டும்தான் என்றார். மைக் இல்லாததால் கன்ட்ரோல் ரூமுக்குக் கேட்காது. ஸ்டூடியோவில் இருக்கும் கர்ட், பெவ், நான் மூவர்தான் கேட்போம். அதற்காகவே பெவ் விடுமுறை எடுப்பதில்லை என்று கர்ட் கேலி செய்வார்.

இதுவரை அந்த இருபது விநாடியில் கேமரா தூரம் போய்விடும். புதுப் படத்தின் அழகை ஊர் நன்றாகப் பார்க்கட்டும் என்று அன்று முதல் இரு முகத்துக்கும் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருந்தார் டேல்.

மார்லிஸ் சிரித்தார். "கர்ட், மூணாம் எந்திரம் இனிமே ஓடாது. நூத்தி அறுபது பேரு. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் என்னடான்னா பராமரிப்புன்னு படிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

"சிரி சிரி, படம் இன்னும் போகல" என்றார் கர்ட்.

செவ்வாய்க்கிழமை காலை பாராட்டுத் தொலைபேசிகள் வந்தன. மார்லிஸைப் பற்றிப் பதினொன்று. எல்லாம் நல்ல வார்த்தை. கர்டின் டை கண்ணைக் குத்துகிறது என்று ஒன்று. டேல் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்திருந்தார். பத்து மணிக்கு ஆலையின் வழக்கறிஞர் கூப்பிட்டார்.

ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் மூன்றாம் எந்திரத்தைச் சுற்றி நாற்பது பேர் நின்றுகொண்டு, நூற்று அறுபது பேரை அனுப்பப்போவது உண்மையா என்று கேட்டிருக்கிறார்கள். யார் சொன்னது என்றால், பதினேழாம் சேனலில் மார்லிஸ் சொன்னார் என்று லெனர்ட் ஸ்கூக் என்ற தொழிலாளி சொன்னாராம். ஆலைக்காரர்கள் எங்கள் செய்தியின் பதிவைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். அப்படி எதுவுமே இல்லை. டேலும் ஒலியைக் கூட்டி வைத்து மூன்று தடவை கேட்டார். பிறகு மார்லிஸைக் கேட்டார். நீ கொடுத்ததைத்தான் படித்தேன், ஒரு எழுத்து கூட்டவில்லை என்றார் மார்லிஸ். அவர் பொய் சொல்லவில்லை. அந்த இருபது விநாடி அவர் நினைவுக்கே வரவில்லை. எனக்கும் வரவில்லை.

புதன்கிழமை மதியம், வரவேற்பில் இருப்பவள் மான் வேட்டைக்குப் போய்விட்டதால் என்னை அந்த மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு நிற வேட்டைக்கார ஜாக்கெட் போட்ட ஓர் உயரமான மனிதர் வந்தார். அறுபது வயதிருக்கும். ஒரு குறிப்பு நோட்டை என் முன்னால் வைத்தார். 'எனக்குக் காது கேட்காது. மார்லிஸ் டோலருட்டைப் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

முன்பின் தெரியாத ஒருவரிடம் எனக்குத் தொண்டை அடைக்காமல் போனது அதுதான் முதல் தடவை. பேனாவை எடுத்தேன். இருவரும் மாறி மாறி எழுதினோம்.

அவர்தான் லெனர்ட் ஸ்கூக். மூன்றாம் எந்திரத்தின் இரைச்சலில் மற்றவர்களுக்குக் காது போய்விடும் என்பதால் காது கேளாதவர்களை ஆலை வெகு காலமாகவே அங்கே வேலைக்கு வைத்திருக்கிறது. இப்போது அவரையும் சேர்த்து மூன்று பேர். எங்கள் எச்.டி.க்காகவே ஞாயிற்றுக்கிழமை அகலத் திரை டி.வி. வாங்கியிருக்கிறார். 'திங்கட்கிழமை வரை அந்த அம்மாவின் வாய் வெறும் சிவப்புத் தீற்றல். திங்கட்கிழமை அது பேசியது. நானும் என் மனைவியும் என் சிநேகிதன் ரூடியும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றுவிட்டோம். மூவரும் தனித்தனியாக எழுதிப் பார்த்தோம். மூன்றும் ஒன்று.'

அப்போதுதான் அந்த இருபது விநாடி எனக்கு உறைத்தது.

ஆலையில் அவரைக் கூப்பிட்டு, டி.வி.யில் அப்படி யாரும் சொல்லவில்லை, பொய்யான வதந்தியைப் பரப்பினேன் என்று கையெழுத்துப் போடு, போடும் வரை வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்களாம். 'எனக்குக் காசு வேண்டாம். மன்னிப்பு வேண்டாம். அவர் சொன்னாரா இல்லையா, அதை அவர் வாயால் சொல்ல வேண்டும்' என்று எழுதிக் கடைசிச் சொல்லின் கீழே கோடு போட்டார்.

நான் ப்ராம்ப்டர் ஓட்டுபவள் என்று எழுதிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. 'நீதானா அது? நீ ஓட்டும் எழுத்துத்தான் காது கேளாத எங்களுக்காகத் திரையின் அடியில் ஓடுகிறது. அவர்கள் தாமாக ஏதாவது பேசினால் அடியில் ஒன்றும் வராது. வானிலை ஆள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறான், நீ எங்களை அம்போ என்று விட்டுவிடுகிறாய்' என்று எழுதிவிட்டுச் சிரித்தார். என் எழுத்து மார்லிஸ், கர்ட் இருவருக்காக மட்டும் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

மார்லிஸைக் கூட்டி வந்தேன். அவர் நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் படித்தார். பிறகு லெனர்டின் கையைப் பிடித்து நேராக வின்ஸிடம் கூட்டிப் போனார். திங்கட்கிழமைப் பதிவைப் போடச் சொன்னார், ஒலி இல்லாமல்.

ஒலி இல்லாதபோது எனக்கே படிக்க முடிந்தது. வானொலியில் தொடங்கியவர் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் செதுக்கி வைப்பார் மார்லிஸ். லெனர்ட் திரையருகே போய் அந்த உதட்டைக் காட்டினார். ஒரு விரலைத் தூக்கினார், பிறகு ஆறு விரல், பிறகு கையை வட்டமாக மூடினார்.

வின்ஸ் தலையைச் சொறிந்தார். "மேசை மேல இருந்த காப்பி வட்டத்தைப் பாத்தோம். கர்டோட மூக்கு முடியைக்கூடப் பாத்தோம். இதை ஒருத்தரும் பாக்கலையே."

லெனர்ட் நோட்டில் ஒரு வரி எழுதி மார்லிஸிடம் நீட்டினார். 'இவ்வளவு தெளிவான வாயை நான் பார்த்ததில்லை.' மார்லிஸ் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று மணிக்குள் அவர் இரண்டாம் ஆளைப் பிடித்துவிட்டார். ஆட்குறைப்புக்கு முன்னால் ஆலை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிவிப்பு தொழிலாளர் அலுவலகத்தில் கிடப்பதை அங்கே இருந்த ஒருவர் உறுதிப்படுத்தினார். நூற்று அறுபது பேர், ஜனவரியில். அன்றைய செய்தியின் அச்சை வாங்க நான் மாடிக்குப் போனபோது டேலின் அறைக் கதவு திறந்திருந்தது. நான் வெளியே நின்றேன்.

ஆட்குறைப்புச் செய்தியைத் தாராளமாகப் படி, இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார் டேல். திங்கட்கிழமை நடந்ததைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது.

"அந்த ஆளைப் பொய்யன்னு சொல்லி வீட்டுல உக்கார வெச்சிருக்காங்க, டேல்."

"எனக்குத் தெரியாதா? பாவம்தான். ஆனா கேக்காத பேச்சுக்கு யாரும் வழக்குப் போட முடியாது. நீயா போய் ஒத்துக்கிட்டா, உறுதியாகாததை வெளிய விட்ட சேனல்னு ஊர் முழுக்கச் சொல்லும். உன் ஒப்பந்தத்தை வெச்சுக்கிட்டு நான் மேல இருக்கறவங்ககிட்ட என்ன பேசறது?"

"ஒண்ணும் பேச வேண்டாம்."

"மார்லிஸ், நீ அதைச் சொன்னேன்னா நானே கீழ இறங்கி வந்து, நாளைக்கு வராதேன்னு சொல்லிடுவேன். போன்ல சொல்ல மாட்டேன். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுவேன்."

"வா. இருபத்துநாலு வருஷத்துல நீ ஸ்டூடியோ பக்கம் வந்ததே இல்ல."

ஐந்து நாற்பதுக்கு மார்லிஸ் என் பக்கத்தில் வந்து, கையால் எழுதிய அரைத்தாளைக் கொடுத்தார். செய்தியின் கடைசியில் இதைச் சேர்த்துவிடு என்றார். "நான் பாட்டுக்கு வாயால சொல்லிடுவேன். ஆனா உன் எழுத்துல ஓடினாத்தான் அவங்க வீட்டுக்குப் போகும். யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு. சொல்ல வரலேன்னா எழுதிக் காட்டு."

தட்டச்சு செய்தேன். ஆறு வரி. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அன்றும் ஏரி, பாலம், மேசை எல்லாம் பளிச்சென்று இருந்தன. மார்லிஸ் முதல் செய்தியாக ஆலையைப் படித்தார், இந்தத் தடவை எண்ணோடு. அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நூற்று அறுபது பேரும் அந்த நேரத்தில் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரக்கம் காட்டுகிற பாவனை எதுவும் அவர் செய்யவில்லை. அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

ஆறு இருபத்தைந்துக்கு ஸ்டூடியோவின் கனமான கதவு திறந்தது. டேல் உள்ளே வந்து, கேமராவுக்குப் பின்னால், என் தோளுக்கு அருகே நின்றார். என் திரையில் அடுத்து வரப்போகும் வரிகள் மார்லிஸுக்கு முன்பே அவருக்குத் தெரிந்தன. என் கையைக் குமிழிலிருந்து எடுக்கச் சொன்னால் நான் எடுத்திருப்பேன். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை. குமிழைத் திருகினேன்.

மார்லிஸ் கேமராவைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை, ஒலிவாங்கி நிறுத்தப்பட்ட பிறகு, இந்த மேசையில் ஆலையைப் பற்றி நான் ஒன்று சொன்னேன். யாருக்கும் கேட்காது என்று நினைத்தேன். காதால் கேட்கத் தேவையில்லாத சிலர் அதைக் கண்ணால் பார்த்தார்கள். திரு. லெனர்ட் ஸ்கூக் பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன். உறுதியாகாததைச் சொன்னது என் தவறு. நூற்று அறுபது குடும்பங்களின் விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னது அதைவிடப் பெரிய தவறு."

இசை எழுந்தது. மைக் நின்றது. அந்த இருபது விநாடியில் மார்லிஸ் காகிதத்தைத் தட்டி அடுக்கிவிட்டுச் சும்மா இருந்தார். கர்ட் கையால் வாயை மூடிக்கொண்டு, "எனக்குப் பசிக்குதுன்னு சொல்லக்கூட இப்ப பயமா இருக்கு" என்றார்.

பெவ் கையை இறக்கினாள். விளக்குகள் அணைந்தன. யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. டேல் கேமராவைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றார். மார்லிஸ் மேல்சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எழுந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்தார். கர்ட் தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெவ்வின் கையில் துடைக்கும் துணி இருந்தது.

டேல் வாயைத் திறந்தார். மார்லிஸ் காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அவருக்கும் தெரிந்துபோயிற்று என்று நினைக்கிறேன். வாயை மூடிக்கொண்டார். பிறகு திரும்பி, தரையில் கிடந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, 'நாளைக்கு வராதே' என்பதைச் சொல்லாமலே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.